ஃபார்முலா 18 பாய்மரம்: கோளாறு தெரிந்தால் எங்கே பார்ப்பது

ஃபார்முலா 18 என்ற இரட்டை உடல் பந்தயப் பாய்ப்படகை (கேட்டமரானை) நாக்ரா செய்திருக்கலாம், ஹோபி செய்திருக்கலாம், குடால் செய்திருக்கலாம். வடிவம் மாறினாலும் வரம்பு ஒன்றுதான். நீளம் 5.52 மீட்டருக்குள், அகலம் 2.60 மீட்டருக்குள், எடை 180 கிலோவுக்குக் குறையாமல், பெரிய பாய் 17 சதுர மீட்டர். பாய்மரம் (இனி மரம்) அலுமினியம், உயரம் சுமார் 9 மீட்டர். காற்றுக்கேற்பத் தன் அச்சில் திரும்பக்கூடியது.

இந்த மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கத் தனிக் கம்பி கிடையாது. இரு பக்கமும் சற்றுப் பின்தள்ளிக் கட்டிய ஷ்ரவுட் கம்பிகள் இரண்டு, முன்னால் ஃபோர்ஸ்டே ஒன்று, இந்த மூன்றின் மேல்தான் மொத்தமும் நிற்கிறது. இரண்டு ஹல்களின் (படகின் இரு உடல்களின்) மூக்கிலிருந்தும் வரும் பிரைடில் கம்பிகள் நடுவில் சேரும் இடத்தில் ஃபோர்ஸ்டே மாட்டப்படும். மரத்தோடு மரமாகக் கட்டப்பட்ட டயமண்ட் கம்பிகளும், அவற்றை விரித்துப் பிடிக்கும் ஸ்பிரெடர் கைகளும் மரம் எவ்வளவு வளையலாம் என்பதைத் தீர்மானிக்கின்றன. மரத்தின் அடி, முன் பீமின் (இரு ஹல்களையும் இணைக்கும் குறுக்குச் சட்டத்தின்) நடுவிலுள்ள குமிழின் மேல் உட்கார்ந்து சுழல்கிறது.

கோளாறு மேலே தெரிந்தாலும் அதன் வேர் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது: பீமில், குமிழில், கம்பியைப் பிடிக்கும் கிளெவிஸ் பின் போட்ட துளையில். இல்லாவிட்டால் மரம் மணலில் கிடந்தபோது கவனிக்காமல் விட்ட ஏதோ ஒன்றில். அதனால் கீழே சொல்லும் எதிலும் முதலில் கீழே பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய எண்ணை எழுதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் தலைக்கு மேலே பாருங்கள். மரம் அலுமினியம், மின்கம்பியைத் தொட்டால் தூக்குகிறவர்கள் உயிர் பிழைப்பது அரிது. மரத்தை நிறுத்தும் இடத்தில் மட்டுமல்ல, நிறுத்தியபின் படகை உருட்டிச் செல்லும் வழி முழுவதிலும் மின்கம்பி இருக்கக் கூடாது.

மரம் எழும்ப மறுக்கிறது. அல்லது எழும்பியும் ஃபோர்ஸ்டே பிரைடிலுக்கு எட்டவில்லை

மரத்தின் அடி குமிழில், உச்சி படகின் பின்பக்கம் ஒரு தாங்கியில், ஷ்ரவுட் இரண்டும் செயின்பிளேட்டில் (ஹல்லில் கம்பி மாட்டும் தகட்டில்) மாட்டிய நிலையில், ஃபோர்ஸ்டே மட்டும் விடுபட்டு இருக்க வேண்டும். இருவர் பின்னாலிருந்து தோள்மேல் வைத்துத் தள்ளியபடி டிராம்பொலின் (ஹல்களுக்கு நடுவிலுள்ள வலைத்தளம்) மேல் முன்னேறுவார்கள். மூன்றாமவர் முன்னால் நின்று, ஃபோர்ஸ்டேயை நீளமான கயிற்றில் கட்டி இழுப்பார்.

பாதியில் திடீரென இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்தால் ஏறிவிடும் என்று தோன்றும். அந்தப் பலம்தான் ஸ்பிரெடர் கையை வளைக்கிறது, செயின்பிளேட்டில் கம்பியை மடக்குகிறது. மடங்கிய கம்பியை நிமிர்த்தி மீண்டும் பயன்படுத்தக் கூடாது. மரத்தை இறக்கி, பின்வருவனவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

ஷ்ரவுடின் கீழ்நுனியில் உள்ள துளைத் தகடு செயின்பிளேட்டில் குறுக்காகத் திரும்பிச் சிக்கியிருக்கிறதா? அதிகம் நடப்பது இதுதான். மரம் கிடக்கும்போது ஷ்ரவுட் தொய்ந்திருக்கும், எழும்பும்போது இறுகும். அந்த நேரத்தில் தகடு நேராக நிற்காவிட்டால் கம்பியின் நீளம் குறைந்துவிடும். ஒருவர் தகட்டைக் கையால் நிமிர்த்திப் பிடித்துக்கொள்ளலாம். இரு பக்கமும் ரப்பர் கயிற்றால் கட்டி வைத்தால் ஆளே தேவையில்லை.

ஷ்ரவுட், பீமின் முனைக்கடியில் அல்லது சுக்கான் பகுதியில் மாட்டியிருக்கிறதா? டிராபீஸ் கம்பி (ஓட்டுபவர் வெளியே தொங்கும் கம்பி) ஸ்பிரெடரைச் சுற்றியிருக்கிறதா? முன்பாய் ஹால்யார்டு (பாயை ஏற்றும் கயிறு) ஃபோர்ஸ்டேயைச் சுற்றியிருந்தால் மரம் ஏறிவிடும், ஆனால் ஃபோர்ஸ்டே ஒரு சாண் எட்டாமல் நிற்கும்.

இவை எதுவும் இல்லையென்றால், ஷ்ரவுட் தகட்டில் கிளெவிஸ் பின் இறுக்கமான துளையில் இருக்கிறது. தூக்கும் முன் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று துளை தளர்த்திவிட்டு, மரம் நின்றபின் இறுக்குங்கள். நின்ற மரத்தில் ஷ்ரவுடை இறுக்குவது எளிது. எந்தப் பக்கத்துத் துளையை மாற்ற வேண்டுமோ, அதே பக்கத்து டிராபீஸில் ஒருவர் தொங்கட்டும். மரம் அந்தப் பக்கம் சற்றே சாயும், அந்த ஷ்ரவுட் தளரும், கிளெவிஸ் பின் விரலாலேயே வெளியே வரும்.

பக்கவாட்டுக் காற்றில் தூக்க வேண்டாம். பாதி உயரத்தில் ஷ்ரவுட் இரண்டும் தொய்ந்திருப்பதால் மரத்தைப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ள ஆள் பலம் தவிர வேறு எதுவும் இல்லை. மரம் நிமிர்ந்தபின்பும், ஃபோர்ஸ்டேயின் கிளெவிஸ் பின் போட்டு, அதன் ஸ்பிளிட் ரிங்கை மாட்டி, மேலே டேப் சுற்றும்வரை முன்னால் இழுப்பவர் பிடியை விடக் கூடாது.

மரம் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது

முதலில் படகு சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். மணலில் ஒரு ஹல் தாழ்ந்திருந்தால் நேரான மரமும் கோணலாகத்தான் தெரியும். முன் பீமின் மேல் நீர்மட்டம் வைத்து, தாழ்ந்த ஹல்லுக்கடியில் மணலை நிரவிச் சமப்படுத்தியபின் அளக்கத் தொடங்குங்கள்.

இடப்பக்க டிராபீஸ் கம்பியின் வளையத்தை இடப்பக்க ஷ்ரவுட் செயின்பிளேட்டுக்கு இழுத்து, எங்கே தொடுகிறது என்று குறியுங்கள். வலப்பக்கக் கம்பியால் வலப்பக்கத்திலும் அப்படியே. டிராபீஸ் கம்பிகள் நீளத்தில் வேறுபட்டிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், பெரிய பாயின் ஹால்யார்டோடு நீட்சியில்லாத அளவு நாடா ஒன்றை மேலேற்றி இரு பக்கமும் அளக்கலாம். அதுவே நம்பகமான வழி.

வித்தியாசம் இருந்தால் இரு ஷ்ரவுட் தகடுகளிலும் ஒரே துளைதானா என்று எண்ணிப் பாருங்கள். துளை ஒன்றாக இருந்தும் சாய்கிறதென்றால் ஷ்ரவுடுகளைக் கழற்றி, ஒரே ஆணியில் மாட்டிப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் பாருங்கள். ஒன்று பழையது, மற்றது புதியது என்றால் நீளம் ஒத்துப்போகாது. ஷ்ரவுடை மாற்றுவதென்றால் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பிரைடில் கம்பிகளுக்கும் இதே விதி.

மரம் திரும்பவில்லை; அல்லது ஒரு பக்கம் மட்டும் திரும்புகிறது

கையால் திருப்பிப் பாருங்கள், பாய் இல்லாமல். கனமாகத் திரும்பினால் அடிக்குமிழில் மணல், அல்லது ஷ்ரவுடின் அளவுக்கு மீறிய இறுக்கம். ஷ்ரவுட் இறுக்கம் முழுவதும் அந்தக் குமிழை அழுத்துகிறது. அழுத்தம் ஏற ஏற உராய்வும் ஏறும். குமிழை நன்னீரில் கழுவி, தேய்ந்த பிளாஸ்டிக் வளையம் இருந்தால் மாற்றுங்கள். கிரீஸ் பூச வேண்டாம். மணலை ஒட்டவைத்து உப்புத்தாள் போல அறுத்துவிடும்.

ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் தடையாகவும் திரும்பினால் காரணம் குமிழ் அல்ல, ஏதோ ஒரு கயிறு. பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் டவுன்ஹால் கயிறு மரத்தின் அடியைச் சுற்றி ஒரு பக்கமாக ஓடியிருக்கும். அல்லது மரம் திரும்பும் அளவைக் கட்டுப்படுத்தும் சுழற்சிக் கையின் கயிறு கிளீட்டில் (கயிறு பிடிப்பில்) அகப்பட்டிருக்கும். அல்லது மேலே, மூன்று கம்பிகளும் சேரும் இடத்தில் ஷாக்கிள் (இணைப்பு வளையம்) குறுக்கே திரும்பியிருக்கும். முதல் இரண்டை நின்ற இடத்தில் சரிசெய்யலாம். மூன்றாவதற்கு மரத்தை இறக்கத்தான் வேண்டும். ஷாக்கிள் குறுக்கே நின்றபடி கடலுக்குப் போனால், பக்கவாட்டில் வாங்க வடிவமைக்கப்படாத சுமையை அது வாங்கும்.

பாயேற்றியபின் மட்டும் திரும்ப மறுத்தால், கரையிலேயே டவுன்ஹாலை முழு இறுக்கத்தில் வைத்துவிட்டீர்கள். தளர்த்துங்கள். காற்றை எதிர்த்து ஓடும்போது சுழற்சிக் கை ஏறத்தாழ ஷ்ரவுட் செயின்பிளேட்டைக் காட்டி நிற்பது நல்ல தொடக்க நிலை.

பெரிய பாயில் மரத்திலிருந்து பின்மூலை நோக்கிச் சாய்வாக மடிப்பு விழுகிறது

இதற்கு நேரம் ஒதுக்குங்கள். படகின் வேகம் பெரும்பாலும் இங்கேதான் தொலைகிறது, இங்கேதான் கிடைக்கிறது.

பாயின் முன்விளிம்பைத் தைப்பவர், மரம் இன்ன அளவு வளையும் என்று கணக்கிட்டு ஒரு வளைவோடு வெட்டுகிறார். மரம் அந்தக் கணக்கைவிட அதிகம் வளைந்தால், நடுமரத்திலிருந்து பின்மூலைக்குச் சாய்வு மடிப்புகள் ஓடும். குறைவாக வளைந்தால் மடிப்பு வராது. ஆனால் பாய் பை போல உப்பி, பலத்த காற்றில் படகைத் தூக்கும். டவுன்ஹாலை எவ்வளவு இழுத்தாலும் தட்டையாகாது. முன்விளிம்பை ஒட்டிச் சிறு குறுக்குச் சுருக்கங்கள் மட்டும் தெரிந்தால் மரத்தில் குறையில்லை. டவுன்ஹாலை இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும்.

வளைவைச் சரிசெய்ய மரத்தை இறக்கி, பாய்த்தடம் (பாயின் முன்விளிம்பு ஓடும் பள்ளம்) மேலே பார்க்க இரண்டு தாங்கிகளில் கிடத்துங்கள்.

ஒன்று. டயமண்ட் கம்பிகளைத் தளர்த்தி, ஸ்பிரெடர் கைகள் பின்சாய்ந்திருக்கும் அளவைப் பாருங்கள். இரு கைகளின் நுனியையும் தொட்டுக்கொண்டு, கம்பிகளுக்குக் குறுக்கே ஒரு நேர்ப்பட்டையை வையுங்கள். பட்டைக்கும் மரத்தின் பின்விளிம்புக்கும் உள்ள இடைவெளிதான் ஸ்பிரெடர் சாய்வு. பல ஃபார்முலா 18 மரங்களில் இது 40 முதல் 60 மில்லிமீட்டருக்குள் வரும். உங்கள் மரத்துக்கென்று தயாரிப்பாளரோ பாய் தைத்தவரோ எண் கொடுத்திருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். இரண்டு கைகளும் மரத்திலிருந்து ஒரே கோணத்தில் நிற்கின்றனவா என்பதையும் தனித்தனியே அளந்து பாருங்கள். பட்டையின் நடு இடைவெளி சரியாக இருந்துகொண்டே, ஒரு கை முன்னும் ஒரு கை பின்னுமாக இருக்க முடியும்.

இரண்டு. டயமண்டை இறுக்குங்கள், இடப்பக்கம் அரைச் சுற்று, வலப்பக்கம் அரைச் சுற்று என்று மாற்றி மாற்றி. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் வந்தால் மரம் பக்கவாட்டில் வளைந்துவிடும். டென்ஷன் கேஜை இரு கம்பிகளிலும் மரத்தின் அடியிலிருந்து ஒரே தூரத்தில் மாட்டி, எண் ஒத்துவரும்வரை தொடருங்கள். ஒரே கேஜையே எப்போதும் பயன்படுத்துங்கள். ஒரு மாதிரியின் எண் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

மூன்று. மரத்தின் அடியில் கண்ணை வைத்துப் பாய்த்தடம் வழியாக உச்சியைப் பாருங்கள். தடம் நூல் பிடித்தாற்போல நேராக ஓட வேண்டும். பக்கவாட்டில் வளைந்தால் உள்வளைவுப் பக்கத்துக் கம்பி அதிகம் இழுக்கிறது என்று பொருள், அதைத் தளர்த்துங்கள். எஸ் எழுத்துப் போல இருமுறை வளைந்திருந்தால், ஸ்பிரெடர் கைகளின் நீளமோ கோணமோ ஒன்றாக இல்லை. கம்பியைத் தளர்த்தி இறுக்கி அது சரியாகாது.

நான்கு. மெல்லிய நூலை உச்சியிலிருந்து அடிவரை பாய்த்தடத்தின் மேல் இழுத்துக் கட்டி, நடுவில் நூலுக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளியை அளங்கள். அதுதான் முன்வளைவு. எழுதி வையுங்கள்.

இனி மாற்றம். சாய்வு மடிப்பு விழுந்ததென்றால் ஸ்பிரெடர் சாய்வை 5 மில்லிமீட்டர் குறையுங்கள். பாய் உப்புகிறதென்றால் 5 மில்லிமீட்டர் கூட்டுங்கள். ஸ்பிரெடர் கைகள் பின்சாய்ந்திருப்பதால், இறுகும் டயமண்ட் மரத்தின் நடுவை முன்னே தள்ளுகிறது. சாய்வு கூடினால் அந்தத் தள்ளல் கூடும். எடை குறைந்த இருவர் ஓட்டும் படகுக்குச் சாய்வு கூடுதலாகவும், எடை கூடியவர்களுக்குக் குறைவாகவும் இருப்பது இதனால்தான். டயமண்ட் இறுக்கத்தையும் ஸ்பிரெடர் சாய்வையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எதனால் பலன் வந்தது என்று பிறகு தெரியவே தெரியாது.

பெரிய பாய் உச்சிக்கு ஏறவில்லை, வளையம் கொக்கியில் மாட்டவில்லை

உச்சிக்கு ஒரு கை அளவு கீழே நின்றுவிட்டால், டவுன்ஹால் கயிறு பாயின் அடியில் மாட்டியபடி இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து பாய்த்தடம். இருபது அடிக் கண்டெய்னரின் உள்நீளம் 5.9 மீட்டர்தான் என்பதால் அதில் ஏற்றச் சில மரங்கள் இரண்டு துண்டுகளாக வரும். உள்ளே ஒரு ஸ்லீவ் நுழைத்து இணைப்பார்கள். இணைப்பில் தடத்தின் இரு உதடுகளும் ஒரு மயிரிழை விலகியிருந்தாலும் பாயின் முன்விளிம்புக் கயிறு அங்கே பிடிக்கும். இணைக்கும்போதே, பாய் விளிம்பின் பருமனுள்ள கயிற்றுத் துண்டைத் தடத்தில் இழுத்துப் பாருங்கள். தட்டினால் இளக்கி, மீண்டும் நேராக்கி, விளிம்பின் பிசிறை நுண்ணிய அரத்தால் தேய்த்தபின் ரிவெட் அடியுங்கள்.

பாய் ஏறியும், அதன் தலையிலுள்ள வளையம் மர உச்சியின் கொக்கியில் மாட்டாவிட்டால் அதற்கான சோதனையைச் செய்யாமல் மரத்தைத் தூக்கியிருக்கிறீர்கள். மரம் கிடக்கும்போதே வளையத்தைக் கையால் கொக்கியில் மாட்டிக் கழற்றிப் பாருங்கள். வளைந்த கொக்கி அங்கேயே தெரிந்துவிடும்.

வளையத்தை மாட்டாமல் ஹால்யார்டைக் கீழே கிளீட்டில் கட்டிக்கொண்டு ஓடலாமா? கூடாது. அப்போது பாயின் இழுப்பும் கயிற்றின் எதிரிழுப்பும் சேர்ந்து மரத்தை இருமடங்கு அழுத்தும். கயிறு நீளும், முன்விளிம்பு தளரும், டவுன்ஹால் இழுத்த இழுப்பெல்லாம் வீண்.

இறக்கும்போது கழல மறுத்தால் படகின் மூக்கைக் காற்றுக்குத் திருப்பி, டவுன்ஹாலையும் மெயின்ஷீட்டையும் (பெரிய பாயை இழுத்துப் பிடிக்கும் கயிற்றையும்) முழுக்கத் தளர்த்துங்கள். ஹால்யார்டை இழுத்து வளையத்தைக் கொக்கிக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, இன்னொருவர் மரத்தைத் திருப்பட்டும். பிறகு மெல்ல இறக்குங்கள். அதற்கும் மசியாவிட்டால் படகைக் கரையில் பக்கவாட்டில் சாய்த்து, உச்சியைத் தாங்கிப் பிடித்துக் கையால் கழற்றுங்கள். யாரும் மரத்தில் ஏற வேண்டாம்.

ஓட ஓட ஷ்ரவுட் தளர்கிறது

காற்று வீசும் பக்கத்துக்கு எதிர்ப்பக்க ஷ்ரவுட் சற்றே தொய்வது இயல்பு. அது ஊஞ்சலாடினால் இயல்பல்ல. துளையை மாற்றி இறுக்குவதற்கு முன், மரத்துக்கு நேர்கீழே முன் பீமின் அடியில் ஓடும் டால்ஃபின் ஸ்ட்ரைக்கரைப் பாருங்கள். மரத்தின் அழுத்தம் முழுவதையும் பீமுக்காக வாங்கிக்கொள்ளும் பட்டை அது. அதன் நட்டு இளகினால் பீம் நடுவில் தாழும், மரம் தாழும், மூன்று கம்பிகளும் ஒன்றாகத் தளரும். பீமின் மேல் நேர்ப்பட்டையை வைத்துப் பாருங்கள். மரம் இல்லாத நிலையில் நடுப்பகுதி சற்று மேல்நோக்கியே வளைந்திருக்க வேண்டும். தட்டையாகவோ குழிந்தோ இருந்தால், முதலில் ஸ்ட்ரைக்கரை இறுக்குங்கள்.

அடுத்து பீமை ஹல்லோடு பிணைக்கும் போல்ட்டுகள். இவையும் உறுதியாக இருந்தால் மட்டுமே கம்பி நீண்டது என்ற முடிவுக்கு வாருங்கள். புதுக் கம்பி முதல் சில ஓட்டங்களில் சிறிது நீளும். பழைய கம்பி நீண்டால் அது அறுபடப் போகிறது. ஷ்ரவுடுகளை, குறிப்பாக முனைகளில் அழுத்திப் பிடித்த உலோகக் குழாயை ஒட்டி, பருத்தித் துணியால் துடையுங்கள். ஒரு நூல் சிக்கினாலும் ஓர் இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பியோடு கடலுக்குப் போகக் கூடாது.

சுக்கான் கையை இழுக்கிறது, அல்லது மூக்கு நீரில் குத்துகிறது

மரத்தைக் குறைசொல்லும் முன் சுக்கான் பலகைகள் இரண்டும் முழுக்க இறங்கிப் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்று சில பாகை பின்னால் மிதந்தாலே கை வலிக்கும்.

சுக்கான் சரியென்றால் மரத்தின் பின்சாய்வை அளங்கள். டிராபீஸ் வளையத்தை மூக்கில் பிரைடில் மாட்டிய இடத்துக்கு இழுத்துப் பிடித்து, அந்த நீளத்தை மாற்றாமல் பின்முனைக்கு நடந்து, எங்கே தொடுகிறது என்று குறியுங்கள். குறி கீழே போகப் போக மரம் பின்னால் சாய்ந்திருக்கிறது. கை வலித்தால் ஃபோர்ஸ்டேயை ஒரு துளை சுருக்குங்கள், ஷ்ரவுடுகளை அதற்கேற்ப இளக்குங்கள். மூக்கு குத்தினால் எதிர்மாறாக. மாற்றியபின் இரு பக்கமும் அளந்து பாருங்கள்.

ஸ்பின்னேக்கர் ஏறியதும் மரத்தின் உச்சி முன்னால் வளைகிறது

இது அவசரம். மெயின்ஷீட்டை உடனே இறுக்குங்கள். ஸ்பின்னேக்கரின் (முன்னால் ஏற்றும் உப்பலான பெரிய பாயின்) ஹால்யார்டு, ஷ்ரவுட் பிடித்திருக்கும் இடத்துக்கும் மேலே வெளிவருகிறது. அங்கே மரத்தைப் பின்னிழுக்க இருப்பது பெரிய பாயின் பின்விளிம்பு ஒன்றே. மெயின்ஷீட்டைத் தளர்த்திவிட்டு ஸ்பின்னேக்கரோடு ஓடினால் மரம் முன்பக்கமாக மடங்கி ஒடியும். ஸ்பின்னேக்கரை இறக்கிக் கரைக்கு வந்து டயமண்ட் இறுக்கத்தைச் சோதியுங்கள். தளர்ந்த டயமண்டும் குறைந்த முன்வளைவும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன.

கவிழ்ந்த படகு சில நிமிடங்களில் தலைகீழாகிறது

மரத்துக்குள் நீர் புகுகிறது. அடைத்து மூடிய மரம் மிதந்து, படகைப் பக்கவாட்டிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். கரையில் மரத்தை இறக்கி அடியை உயர்த்துங்கள், பிறகு உச்சியை உயர்த்துங்கள். உள்ளே நீர் ஓடும் ஓசை கேட்டால் வடித்து, கழுவி, நன்றாக உலர விடுங்கள். பிறகு சோப்பு நீரை ரிவெட்டுகள், ஸ்பிரெடர் பிடிப்பு, உச்சி மூடி, அடி மூடி ஆகியவற்றில் தடவி, உள்ளே மிதமாகக் காற்றூதுங்கள். குமிழி வரும் இடமே ஓட்டை.

அடைக்க நியூட்ரல் க்யூர் சீலன்ட் வாங்குங்கள். புளித்த காடி வாடை வீசும் சாதாரண சிலிக்கோன் அலுமினியத்தை அரிக்கும். ரிவெட்டை மாற்றினாலோ, துருப்பிடிக்காத எஃகுத் திருகு போட்டாலோ, அலுமினியத்தைத் தொடும் இடத்தில் டூராலாக் போன்ற தடுப்புப் பசையைப் பூசுங்கள். உப்புநீரில் இரண்டு உலோகங்களும் நேரடியாகத் தொட்டால் அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிர்ந்து, அடைத்த துளை மறுபடி திறந்துகொள்ளும். சீலன்ட் காய ஒரு நாள் விட்டு, சோப்பு நீர்ச் சோதனையை இன்னொரு முறை செய்தபின் மரத்தை ஏற்றுங்கள்.